கிராஸிங்குக்கு ஒரு பாயிண்ட் குறைவு

எங்கள் கடைக்கு வரும் லாரிக்காரர்களிடம் நான் தினமும் சொல்வது ஒன்று உண்டு. "ஒன்ன மட்டும் மாத்தாதீங்க. ஜோடியா மாத்துங்க." ஷாக் அப்சார்பரோ பிரேக் லைனரோ, ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசுமாக ஓட்டினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சேலத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றே பாதி ஆயுளை ஓட்டிவிட்ட எனக்கு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்ல வரும். எழுப்புவதற்குத்தான் வீட்டில் ஆள் கிடையாது.

ஊருக்கெல்லாம் ஜோடி சேர்த்துவிடுகிற இந்த ஆசாமி, தனக்கென்று ஒரு பொருள் வாங்கும்போது ஒற்றையாக வாங்கிக்கொண்டு வந்தான்.

ஏற்காட்டில் யாரோ ஒரு பெரியவர் காலமாகி அவருடைய பங்களாவைக் காலி செய்தார்கள். சாமான்கள் மலையிறங்கிச் சேலத்துப் பழைய சாமான் கடை ஒன்றுக்கு வந்து சேர்ந்தன. பீரோவுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவில் இரண்டு அட்டைப் பெட்டிகள். கடைக்காரர் ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே குட்டித் தண்டவாளங்கள். ஒரு விரல் அகலம்தான் இருக்கும். ஆனால் ஸ்லீப்பர் கட்டையும் அதில் அடித்த ஆணியும்கூட அச்சு அசலாக இருந்தன.

"ரெண்டு பெட்டிலயும் இதேதான் சார். ரெண்டையும் எடுத்துக்கங்க, கொறச்சுத் தாறேன்."

"ஒன்னு போதுங்க. நான் ஒரு ஆளு. எனக்கெதுக்கு ரெண்டு பெட்டி?"

இரண்டாவது பெட்டியை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு லாரிக்காரர் என் கவுன்ட்டரில் இப்படிச் செய்திருந்தால், அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பாடம் எடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து தரையில் கொட்டினேன். வளைவுத் தண்டவாளங்கள் ஏராளம். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குத் தெரியும், வளைவுகளை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. அவை தாமாகவே பெருகும். நேர்த் தண்டவாளங்கள் கொஞ்சம். இரண்டு என்ஜின், சில ரயில் பெட்டிகள். பிறகு ஒரு பாயிண்ட். ஒரே ஒரு பாயிண்ட். அதுவும் இடது.

பாயிண்ட் என்பது ஒரு தடம் இரண்டாகப் பிரியும் இடம். சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாயிண்ட்டின் மேல் சக்கரம் ஏறி இறங்கும் தடதடப்பைக் கேட்டபடிதான் பள்ளிக்கூடப் பாடமே படித்தேன். படித்த லட்சணத்துக்கும் அதுவே காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். ஒரு பாயிண்ட் இருந்தால் ரயிலை மெயின் லைனிலிருந்து பக்கத்துத் தடத்துக்குத் திருப்பலாம். அந்தத் தடம் மறுபடி மெயின் லைனில் வந்து சேர வேண்டும் என்றால் அந்தக் கோடியில் இன்னொரு பாயிண்ட் வேண்டும். இது இடது என்றால் அது வலது. அது இல்லாவிட்டால் பக்கத்துத் தடம் முட்டுச்சந்து. உள்ளே போன ரயில் வந்த வழியே பின்வாங்க வேண்டியதுதான்.

இரண்டும் இருந்தால் கிராஸிங் போடலாம். ஒற்றைப் பாதையில் ரயிலில் போனவர்களுக்கு இது தெரியும். நடுவழி ஸ்டேஷன் ஒன்றில் வண்டி காரணமே இல்லாமல் நிற்கும். ஆட்கள் இறங்கி எட்டிப் பார்ப்பார்கள். "கிராஸிங்ப்பா" என்று ஒருவர் சலித்துக்கொண்டே திரும்ப வந்து உட்காருவார். எதிர் வண்டி வந்து கடந்து போகும்வரை நம் வண்டி லூப் லைன் என்கிற அந்தப் பக்கத்துத் தடத்தில் ஒதுங்கிக் காத்திருக்கும். ஊரே சலித்துக்கொள்கிற அந்தக் காத்திருப்பு எனக்கு வேண்டியிருந்தது. ஒரு ரயில் எதிரே வரும் இன்னொரு ரயிலுக்காக நிற்பதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் லட்சியம். சொன்னால் வெளியே சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

என் வீட்டு மாடி அறையில் ஒரே ரயில் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவேன். சில நாள், அதுவாவது எங்கோ போகிறதே என்று தோன்றும்.

இந்த ரயில் எங்கள் வீட்டில் முதலில் ஓடியது கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி. எங்கள் கோயில் பங்கில் அந்த வாரம் வீட்டுக்கு வீடு குடில் பார்க்கப் போவது வழக்கம். யார் குடிலில் தண்ணீர் ஓடுகிறது, யார் குடிலில் பஞ்சுப் பனி அதிகம் என்றெல்லாம் போட்டி நடக்கும். என் குடிலில் ரயில் ஓடும். பெத்லகேமுக்கு ரயில் ஏதப்பா என்று பங்குச் சாமியார் கேட்டார். "சத்திரத்துலயே எடமில்லாத அளவுக்குக் கூட்டமாமே சாமி. ஸ்பெஷல் விட்டிருப்பாங்க" என்றேன்.

மூவரசர் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரித்துவிட வேண்டும். குடிலைப் பிரித்தேன். ரயிலைப் பிரிக்க மனம் வரவில்லை. ரயிலின் அளவுக்குப் பொருத்தமான குட்டி மனிதர்கள் இங்கே கிடைப்பதில்லை என்பதால் குடில் பொம்மைகளே ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்தார்கள். சூசையப்பர் ஸ்டேஷன் மாஸ்டர். மூன்று ராஜாக்களும் கையில் லக்கேஜோடு பிளாட்பாரத்தில் நின்றார்கள். ஒட்டகம் கேட் போட்ட இடத்தில் நின்றது. அது ரயிலைவிட உயரம். டிசம்பரில் நாலு பேர் வந்து பார்த்து, கேக் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போவார்கள். ஜனவரியிலிருந்து நவம்பர்வரை ராஜாக்களும் நானும்தான்.

அந்த வலது பாயிண்ட்டைத் தேட ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஆறுதலுக்காக முதலில் அவரிடம்தான் சொன்னேன்.

"வலது பாயிண்ட்டா? யார்டுல எத்தன கெடக்கு! எத்தன டன்னுல வேணும்?"

"உள்ளங்கை அளவுல வேணும்ண்ணே."

"அட போப்பா. காலம் பூரா அதோட மல்லுக்கட்டி இப்பத்தான் வெளிய வந்திருக்கேன். நீ காசு குடுத்து அத வூட்டுக்குள்ள கொண்டாறேங்கற."

சென்னையில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். "அந்த மாடல் இப்ப வர்றதில்ல சார். கம்பெனியே நிறுத்திட்டான்." இதே வாக்கியத்தை எத்தனை டிரைவர்களிடம், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லியிருக்கிறேன்! கேட்கும் பக்கம் நின்றால்தான் அது எங்கே போய் விழுகிறது என்று தெரிகிறது. "வேற கம்பெனிது இருக்கு சார். லேசா அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." இதையும் நான் சொல்லியிருக்கிறேன். தெரிந்தே ஏமாந்தேன், வாங்கினேன். அந்தக் கம்பெனித் தண்டவாளத்தின் உயரம் ஒரு மயிரிழை குறைவு. அடியில் அட்டை வைத்துப் பார்த்தேன், தகடு வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என்ஜின் அந்த இடத்தில் வாசற்படியில் இடறியவனைப் போலத் துள்ளும். கடைசிப் பெட்டி கவிழும். ஒருநாள் அது ராஜாக்களில் ஒருவர் மேல் விழுந்து அவர் கிரீடம் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் மூன்றாம் வகுப்புப் பயணி மாதிரி நிற்கிறார்.

வெளிநாட்டு வலைத்தளங்கள் எல்லாவற்றிலும் ஒரே பதில்தான்: சரக்கு இல்லை. வந்ததும் தெரிவிக்கிறோம், மின்னஞ்சல் முகவரியையும் பிறந்தநாளையும் கொடுங்கள் என்றது ஒரு தளம். கொடுத்தேன். வருடா வருடம் வாழ்த்து அனுப்புகிறது. பாயிண்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு வருகிற ஒரே பிறந்தநாள் வாழ்த்து அதுதான் என்று சொன்னால் அது மிகை. என் பேங்க்கும் அனுப்பும்.

பிறகுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். குட்டி ரயில் ஓட்டுகிறவர்களுக்கு என்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. நாடு முழுக்க இருந்து ஆட்கள். நான் அதில் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. ஒருநாள் காலையில் யாரோ தன் ரயில் மேசையைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். பின்னால் சுவரோரம் ஒரு வாழைத்தார் சாய்த்து வைத்திருந்தது. அதற்கு முன்னால் என்னுடைய அதே பழைய மாடல் பாயிண்ட். விரலால் பெரிதாக்கினேன். வலது. அதன் ஓரத்தில் பச்சைப் பெயின்ட்டில் ஒரு சின்னப் பொட்டு. என் இடது பாயிண்ட்டிலும் அதே பச்சைப் பொட்டு இருந்தது. ஏற்காட்டுப் பெரியவர் அடையாளத்துக்கு வைத்தது.

படத்துக்குக் கீழே பரமத்தி வேலூர் என்று போட்டிருந்தது. நான் திறந்து பார்க்காத பெட்டி அங்கே போயிருந்தது. நான் உலகம் பூராவும் தேடிய சாமான், கரூர் பஸ்ஸில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரும் தூரத்தில் இருந்திருக்கிறது.

போன் போட்டேன். மறுமுனையில் உற்சாகமான ஒரு குரல்.

"சேலமுங்களா? அட, பக்கத்துலதான் இருக்கறீங்க! ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க தம்பி. வாரப்ப உங்க பாயிண்டையும் எடுத்துட்டு வாங்க. ஒன்னா வெச்சுப் பாத்தரலாமுங்க."

நான் சொல்ல நினைத்ததை அவரே சொல்லிவிட்டார். பொருத்தம் பார்க்கிற சாக்கில் பேச்சை ஆரம்பித்து, அவருடையதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என் திட்டம். பதிலுக்குக் கொடுக்க என்னுடைய இன்னொரு என்ஜினைத் துண்டில் சுற்றி எடுத்து வைத்தேன். நீல நிற டீசல். ஓட இடமில்லாமல் பெட்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. மேசையிலிருந்து என் பாயிண்ட்டைக் கழற்றினேன். வட்டத்தில் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி. சாயந்தரமே ஜோடியாக வந்து மாட்டிவிடப் போகிறோமே என்று அதைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த மனிதருக்கும் அது தேவைப்படுமே என்பதையும் யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளாக இருந்தால் அன்றைக்கே இரண்டு பெட்டியும் வாங்கியிருப்பேன்.

ஞாயிறு முதல் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறினேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்துச் சீட்டுக்காரர் உள்ளே என்ன, முட்டையா என்று கேட்டார். நாமக்கல் பஸ்ஸில் ஒருவன் எதையாவது இவ்வளவு பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தால் அது முட்டையாகத்தான் இருக்க வேண்டும். ஆமாங்க என்றேன். ரயில் என்று சொல்லி அந்த நல்ல மனிதரைக் குழப்புவானேன்.

வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு அவரே மொபெட்டில் வந்திருந்தார். அறுபதை ஒட்டிய வயது. வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் இருக்கிற குடும்பம். வழியெல்லாம் பின்னால் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தார், ரோட்டைப் பற்றிய கவலை எனக்கு மட்டும்தான்.

"எங்கூருக்கு ரயிலே கெடையாதுங்க தம்பி. சேலத்துக்கும் கரூருக்கும் லைன் போட்டாங்கல்ல, அது மோகனூர்ப் பக்கமா போயிருச்சு. செரி, அவிய உடலீன்னா என்ன, நாமளே உட்டுக்கலாமுன்னு ஆரம்பிச்சதுதானுங்க."

வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். என்னையும் பையையும் ஒரு பார்வை பார்த்தார்.

"வாங்க தம்பி. இந்தக் கிறுக்கு இவருக்கு மட்டுந்தான்னு கோயில் கோயிலா வேண்டிக்கிட்டு இருந்தேன். ஊரூருக்கு இருப்பாங்களாட்ட இருக்குது."

"சேலத்துல நான் ஒருத்தந்தாங்க்கா."

"அதுவே போதுமுங்க."

உட்கார்ந்ததும் நான் தொண்டையைச் செருமினேன். "அண்ணா, அந்தப் பாயிண்டு விசயமா..."

"மொதல்ல சாப்புடலாமுங்க தம்பி. பேச்சு எங்க போயிருது."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. வந்தவர் வயிறு நிறையாமல் காரியம் பேசக் கூடாது. பேசினால் வந்தவரைச் சீக்கிரம் அனுப்பப் பார்ப்பதாக ஆகிவிடும். இலை போட்டார்கள். கோழிக்குழம்பு. அந்த அக்கா பரிமாறியபடியே விசாரித்தார்.

"ஊட்ல எத்தன பேருங்க தம்பி?"

"நான் மட்டுந்தாங்க்கா."

"கண்ணாலம்?"

"பண்ணிக்கலீங்க."

"ஏனுங்க?"

"ஸ்டாக்கு வரலீங்க்கா" என்றேன். கடையில் இதைச் சொன்னால் டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அண்ணன் சிரித்தார். அந்த அக்கா சிரிக்கவில்லை. என் இலையைப் பார்த்தார், கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அந்த ஒரு கரண்டிச் சோற்றைச் சாப்பிட்டு முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கை கழுவியதும் மாடிக்குப் போனோம். மூன்று சுவரை ஒட்டி மேசை. வெல்டிங் கம்பிகளை வளைத்துக் காவிரிப் பாலம் கட்டியிருந்தார். காய்ந்த வெற்றிலைக் காம்புகள் தந்தி மரங்களாக நின்றன. இரண்டு கோடியிலிருந்தும் இரண்டு ரயில் கிளப்பலாம், ஆளுக்கொரு கன்ட்ரோலர். ஒன்று கடையில் வாங்கியது. மற்றது போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு வயரிங் பார்க்கும் ஒருவர் செய்து கொடுத்தது. அதில் ரிவர்ஸ் ஹாரன் ஸ்விட்ச்கூட இருந்தது. நடுவில் ஸ்டேஷன். ஸ்டேஷனுக்கு மேற்கே வலது பாயிண்ட். கிழக்கே, ஒரு பாயிண்ட் நீளத்துக்கு வெற்றுப் பலகை.

அந்த இடைவெளியை விரலால் அளந்து பார்த்தேன். காலையில் என் வீட்டில் நான் விட்டு வந்த இடைவெளியின் அதே அளவு.

"தம்பி, சுத்தி வளைக்காம கேட்டர்றேனுங்க" என்றார் அவர். அலமாரியைத் திறந்து, பையன் ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய பச்சை என்ஜின் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "இத நீங்க எடுத்துக்கங்க. உங்க எடதுப் பாயிண்ட எனக்குக் குடுத்துருங்க."

நான் பையைத் திறந்து, துண்டைப் பிரித்து, நீல டீசலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டு என்ஜின்களையும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நீங்களுமுங்களா?" என்றார்.

"நானுந்தாங்கண்ணா."

காபி கொண்டுவந்த அக்கா மாடிப்படியிலேயே நின்றுவிட்டார். "ஒருத்தருத ஒருத்தரு அடிச்சுட்டுப் போறதுக்குத்தான் கூப்புட்டதும் வந்ததுமா? இதுக்கு நான் வேற கோழி அடிச்சிருக்கறேன்!"

நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர்தான், "சும்மா ஒருக்கா மாட்டிப் பாக்கலாமுங்களா?" என்றார். மாட்டினேன். க்ளிக் என்று உட்கார்ந்தது. பழைய சொந்தக்காரர் போனபின் இரண்டும் ஒரே மேசையில் சேர்வது அதுதான் முதல் தடவை.

என் டீசல் கிழக்கிலிருந்து, அவருடைய பச்சை மேற்கிலிருந்து. அவரவர் கோடியில் இருக்கும் பாயிண்ட்டை அவரவர் கையால் தள்ள வேண்டும். ரயில்கள் ஸ்டேஷனை நெருங்கின. வந்த இடத்தில் விருந்தாளி முந்திக்கொண்டு மெயின் லைனில் போகக் கூடாது என்று, சத்தமில்லாமல் என் பாயிண்ட்டை லூப் பக்கம் தள்ளிவிட்டேன். வீட்டுக்கு வந்தவரை ஒதுங்கி நிற்க வைக்கக் கூடாது என்று அவரும் தன் பாயிண்ட்டை லூப் பக்கம் தள்ளியிருக்கிறார். மெயின் லைன் காலியாகக் கிடந்தது. இரண்டு என்ஜின்களும் லூப் லைனில் நேருக்கு நேர் மூக்கை முட்டிக்கொண்டு நின்று உறுமின.

"நீங்க மெயின்ல போவீங்கன்னு ஒதுங்குனேனுங்க."

"நான் நீங்க போவீங்கன்னு நெனச்சேங்கண்ணா."

"மரியாதைலயே ரயில முட்ட உடறது உங்க ரெண்டு பேருக்கும்தான் வரும்" என்றார் அக்கா, காபியை வைத்துவிட்டு உட்கார்ந்தபடி.

இரண்டாவது முறை வாய்விட்டுப் பேசி வைத்துக்கொண்டு விட்டோம். என் டீசல் லூப்பில் வந்து நின்றதும் என் பாயிண்ட்டை மெயினுக்குத் திருப்பி வைத்தேன். எதிரே பச்சை என்ஜின் வளைவில் திரும்பி, பாலம் தாண்டி, மெதுவாக ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. பெட்டி பெட்டியாக என்னுடையதை உரசாமல் கடந்தது. கடைசிப் பெட்டி வெளியேறியதும் அவர் தன் பாயிண்ட்டை லூப் பக்கம் தள்ளிவிட்டுக் கையைத் தூக்கினார். நான் டீசலைக் கிளப்பினேன். அவ்வளவுதான். இத்தனை வருடமாகத் தேடியது ஒரு வாய் காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. "இன்னொருக்கா?" என்றார். விட்டோம். பிறகு அவர் லூப்பில், நான் மெயினில். பொழுது சாயும்வரை விட்டுக்கொண்டே இருந்தோம்.

விட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கோடிப் பாயிண்ட்டும் இந்தக் கோடிப் பாயிண்ட்டும் ஒரு ஆளின் கைக்கு எட்டாது. என் மாடியில் இதை மாட்டியிருந்தால், ஒரு ரயிலை ஓட்டி, நிறுத்தி, எழுந்து ஓடி, அந்தப் பாயிண்ட்டைத் தள்ளி, திரும்ப ஓடி வந்து, நானே வந்து நானே எனக்கு வழி விட்டிருப்பேன். யோசித்துப் பார்த்தால் அதைக் கிராஸிங் என்று சொல்ல முடியாது. உடற்பயிற்சி என்று சொல்லலாம்.

கிளம்பும் நேரம் வந்ததும் அவர் தன் வலது பாயிண்ட்டைக் கழற்றி என் முன்னால் நீட்டினார். "நீங்க எடுத்துட்டுப் போங்க தம்பி. நமக்கு இங்க கொடிக்கால்ல நூறு வேல கெடக்குது."

"ஐயோ, வேண்டாங்கண்ணா. என்னுத நீங்க வெச்சுக்கங்க."

"அட, புடிங்க."

"வேண்டாங்கண்ணா."

என் வாய்தான் வேண்டாம் என்றது. கை பையின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தது. அதை அந்த அக்கா பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"கழட்டுனத மாட்டுங்க" என்றார் தன் கணவரிடம். "ஆளுக்கொன்ன எடுத்துட்டுப் போனா ரெண்டு ஊட்லயும் மொட்டையாத்தான் கெடக்கும். ரெண்டும் இங்கயே இருக்கட்டும். தம்பி ஞாயித்துக்கெழமைல வரட்டும்."

நான் பையை மூடினேன். சரிங்க்கா என்றேன். நீல டீசலையும் அங்கேயே விட்டேன். பதிலுக்குப் பையில் ஒரு சீப்பு பூவன் பழமும் ஒரு கவுளி வெற்றிலையும் ஏறின. எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது.

திரும்பும் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மேலே போட்டுவிட்டேன். அதுவரை எல்லாம் நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து மாடி விளக்கைப் போட்டபோதுதான், இந்த வீட்டில் இனி ரயிலே ஓடாது என்பது புரிந்தது. பாயிண்ட் இருந்த இடத்தில் வைக்க, அந்த நீளத்துக்கு என்னிடம் நேர்த் தண்டவாளம் இல்லை. வளைவுகள் இருந்தன. வேண்டிய மட்டும் இருந்தன.

அந்த வாரம் ரயில் இல்லாமல் சாப்பிட்டேன். ரயில் ஓடாவிட்டால் அந்த அறையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? சாப்பிட்டுக்கொண்டிருப்பது ஒரு ஆள் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஜங்ஷனில் வண்டிகள் வந்துபோகும் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது. பக்கத்து வீட்டுப் பாயிண்ட்ஸ்மேன் மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்னப்பா, உன் வண்டிச் சத்தத்தையே காணம்?" என்றார்.

"லைன் பிளாக்குண்ணே. மராமத்து நடக்குது."

"எப்ப முடியும்?"

"மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்."

வேலூரிலிருந்து போன் இல்லை. நானும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாங்க என்று எங்கள் பக்கத்தில் சொல்வதற்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வழியனுப்பும்போது சொல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று சொல்வது. எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போட்டுப் பேசுகிறவர்களிடம், எது உபசாரம், எது உண்மை என்று பிரிக்க முடிவதில்லை. வாரத்தின் நடுவில் எனக்கு ஒரு கேவலமான எண்ணம் வந்தது. அவரிடம் இப்போது இரண்டு பாயிண்ட்டும் இருக்கின்றன. என் என்ஜினும் இருக்கிறது. சொல்லப்போனால் அந்த அக்காவே ஒரு கோடியில் உட்கார்ந்தால் ஆட்டம் முடிந்தது. என்னை எதற்குக் கூப்பிட வேண்டும்? கோழி போட்டு என் பாயிண்ட்டை வாங்கிவிட்டார்கள். இதை நினைத்துவிட்டு உடனே வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்ட பிறகும் அது போகவில்லை. கடையில் ஒரு டிரைவரிடம் சாமானைத் தப்பாக எடுத்துக் கொடுத்தேன். இடதுக்கு வலது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். திரும்பி வந்தேன். கூப்பிடாத வீட்டுக்குப் போய் நிற்கக் கூடாது என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் தலைவைக்கவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, லுங்கியோடு அடுப்பில் ஒரு ஆழாக்கு அரிசியைப் போட்டேன். போன் அடித்தது.

"ஏனுங்க தம்பி, எங்க வந்துட்டு இருக்கறீங்க?" அந்த அக்காதான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"இங்க சோறு ஆறிட்டு இருக்குது. இவரு காலைல இருந்து உங்க நீல வண்டியக் கெழக்க கொண்டுபோய் நிறுத்தி வெச்சுக்கிட்டு, அவரு வண்டியவும் தொடாம உக்காந்திருக்கறாரு. வாரம் பூரா இப்படித்தானுங்க. செரி, நான் ஒரு பக்கம் ஓட்டறேன்னேன். உட மாட்டீங்கறாரு. அது தம்பியோட வண்டி, தம்பி வந்துதான் தொடோணுமுங்கறாரு."

பின்னாலிருந்து அவருடைய குரல் கேட்டது. "நாமக்கல் தாண்டிட்டாரான்னு கேளு!"

சூரமங்கலத்தில் அடுப்படியில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அரிசி கொதிக்க ஆரம்பித்திருந்தது.

"தாண்டிட்டேனுங்க்கா" என்றேன். "பஸ்ஸு டோல்கேட்ல மாட்டிக்கிச்சு. பெரிய க்யூவா நிக்குது. செத்த நேரமாகுமுங்க. நீங்க சாப்புடுங்க."

"வாங்க, வாங்க. வந்தே சாப்புடலாம்."

போனை வைத்தேன். அடுப்பை அணைத்தேன். லுங்கியை மாற்றி, சட்டையைத் தேடி, பொத்தானை மாற்றிப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டேன். சொல்லிக்கொண்டு கிளம்ப வீட்டில் ஆள் இல்லாததில் இந்த ஒரு வசதி உண்டு. கதவைப் பூட்டிய கையோடு, நாமக்கல்லைத் தாண்டிவிட்ட மனிதனைப் பிடிக்க ஓடலாம்.